காலியாக வந்த தட்டு

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்லி நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று உங்கள் பிரிவிலிருந்து கேட்டிருந்தார்கள். ஆள் தெரியாமல் கேட்டுவிட்டார்கள். வேலைக்காலம் முழுவதையும் ஆப்பரேஷன் தியேட்டரில் கழித்தவள் நான். அத்தனை காலமும் பயந்துகொண்டேதான் நின்றேன். காலையில் கையுறை மாட்டும்போது வயிற்றைப் பிசையத் தொடங்கும். கடைசி நோயாளி கண் விழித்துத் தன் பெயரைச் சொன்ன பிறகுதான் அது அடங்கும். ஓய்வு பெற்ற பிறகுதான் காலைச் சாப்பாடு எனக்கு ஒழுங்காக இறங்குகிறது. ஆகவே தைரியம் என்னிடம் கிடையாது. பயம் நிறைய இருக்கிறது, அதில் கொஞ்சம் தருகிறேன்.

இனிப்பு நீர்க்காரர்களுக்கு, அதாவது சர்க்கரை நோயாளிகளுக்கு, மாற்றுக் கணையம் பொருத்தப் பழகுகிறீர்கள். இறந்தவரின் கணையத்தை எடுத்து, உயிரோடிருப்பவரின் வயிற்றில் வைத்து, ரத்தக் குழாய்களை இணைத்துத் தைக்கிறீர்கள். அதன் சாற்றைச் சிறுநீர்ப்பையில் விடுவதா, குடலில் விடுவதா என்று பெரியவர்கள் வாதாடுவதையும் கேட்டிருப்பீர்கள். அந்த வாதத்தில் எனக்கு இடமில்லை. எங்கள் காலத்தில் யாராவது அப்படி ஒன்று நடக்கும் என்று சொல்லியிருந்தால், அவருக்கும் ஒரு கட்டில் போட்டிருப்போம்.

ஆனால் ஒன்று தெரியும். கவ்வியை எடுத்து ரத்தத்தைத் திறந்துவிட்டதும் புதுக் கணையம் வேலையைத் தொடங்கிவிடும். சீனி மளமளவென்று இறங்கும். நோயாளியோ மயக்கத்தில் இருப்பார். தலை சுற்றுகிறது, கண்ணை இருட்டுகிறது என்று சொல்ல அவருக்கு வாய் இருக்காது. அந்த இறக்கத்தின் முன்னால் நிற்கும்போது வரும் பயம் எனக்குப் பழக்கமானது. கணையம் திறந்து கிடந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் நின்றபோது அது என்னைப் பிடித்தது. இன்னும் விடவில்லை.

ஆகஸ்டில் மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்தது. அதன் பிறகு வந்த முதல் பொங்கல் சமயம். மலாக்காவில் எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்த வெள்ளைக்கார சர்ஜன் கப்பலேறிவிட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். பெயர் எழுதமாட்டேன், எழுதினால் அவருக்குப் பிடிக்காது. குள்ளமான ஆள், மெல்லிய குரல். எல்லாப் பெண்களும் அவருக்குப் 'பிள்ளை'தான், மேட்ரன் உட்பட. துரை போன பிறகு இவர்களால் கத்தி பிடிக்க முடியுமா என்று பண்டார் ஹிலிர் காப்பிக்கடைகளில் பேசிக்கொண்டார்கள். அது அவர் காதுக்கும் போயிருக்கும். அவர் காட்டிக்கொள்ளவில்லை.

அவரிடம் வந்தவள்தான் தேவகி. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. யார் வீட்டு நம்பரைக் கேட்டாலும் புத்தகத்தைப் பார்க்காமல் சொல்வாள். காஜா பேராங்கில் நான் தங்கியிருந்த மாமா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அவள் வீடு. மலாக்கா செட்டிக் குடும்பம், பல தலைமுறைக்கு முன்பே அங்கே வந்து கலந்தவர்கள். கோயில், திருநீறு, பெயர் எல்லாம் நம்முடையவை, வாயைத் திறந்தால் மலாய். உப்புப் போட்டதுபோல் நடுவில் தமிழ்ச் சொல் ஒன்றிரண்டு வரும். இது தெரியாமல் வார்டு சிஸ்டர், 'உன் ஆள் வந்திருக்கிறாள், போய்த் தமிழில் பேசு' என்று என்னை அனுப்பினார். சிஸ்டர் சொன்னதற்காக நான் தமிழில் பேச, அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் மலாயில் பேசிச் சிரித்தோம். அவளும் அவள் அம்மாவும் மலாயில் சொன்னதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன், மிஸ்ஸி என்று அவர்கள் கூப்பிடுவது நர்ஸை.

அவளுக்கு இனிப்பு நீர், கூடவே கணையத்தில் கல். எக்ஸ்ரே படத்தில் முதுகெலும்பின் குறுக்கே வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. சாப்பிட்டால் வலி. வலிக்குப் பயந்து சாப்பிடாமலே இருந்து எலும்பும் தோலுமாகியிருந்தாள். வலி வரும்போது தலையணையைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்துவிடுவாள், சத்தமே வராது. கணையத்தின் குழாயை நீளமாகத் திறந்து, கல்லை எடுத்து, குடலோடு சேர்த்துத் தைத்துவிட்டால் வலி போகும் என்றார் சர்ஜன். இனிப்பு நீர் போகாது, இன்சுலின் கடைசிவரை வேண்டும், ஆனால் சாப்பிட முடியும். 'இவள் ஒரு பிடி சோறு வலியில்லாமல் சாப்பிடவேணும். நான் கேக்கிறது அவ்வளவுதான்' என்றார்.

அந்தக் குடும்பத்துக்கு எங்கள் ஆஸ்பத்திரி என்றாலே நடுக்கம். தேவகியின் அப்பா மெர்டேக்காவுக்கு முன்பே எங்கள் ஆண்கள் வார்டில் சேர்ந்து, கொண்டாட்டம் ஓய்ந்த சில வாரங்களில் அங்கேயே இறந்தார். அவருக்கும் இனிப்பு நீர், காலில் புண் அழுகி மேலே ஏறிவிட்டது. ஆப்பரேஷனுக்கு முதல் நாள் நான் தேவகியைப் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் சில்லென்றிருந்தன.

"தாக்குட், மிஸ்ஸி. பயமா இருக்கு. நாளைக்கு நான் எழுந்திருப்பேனா?"

"எழுந்திருப்பே. ஏன் எழுந்திருக்காம?"

"அப்பாகிட்டயும் இப்படித்தான் சொன்னாங்க."

தலையணையைத் தட்டிச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

இப்போது நீங்கள் விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் எண் வந்துவிடுகிறது. எங்களுக்கு எண் கிடையாது, நிறம்தான். சிறுநீரை ஒரு நீலக் கரைசலில் விட்டுக் காய்ச்சுவோம். நீலமாகவே இருந்தால் சீனி இல்லை. ஏற ஏறப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் நிறம். நிறத்தைப் பார்த்து இன்சுலின் போடுவோம். ஊசிகளைக் கொதிக்கவைத்து, முனை மழுங்கினால் கல்லில் தீட்டித் திரும்பத் திரும்பப் போடுவோம். நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. லேப்புக்கு ரத்தம் அனுப்பலாம்தான். பதில் வருவதற்குள் ஆள் குணமாகி வீட்டுக்குப் போயிருப்பார், அல்லது வேறு இடத்துக்குப் போயிருப்பார்.

மறுநாள் காலை தேவகியின் சிறுநீர் செங்கல் நிறம் காட்டியது. வழக்கப்படி வார்டில் இன்சுலின் போட்டு அனுப்பினார்கள். முதல் நாள் போட்ட, மெதுவாக வேலை செய்யும் இன்சுலின் ஏற்கெனவே உடம்பில் இருந்தது. இரவுச் சாப்பாடு சாப்பிட்டாள், தட்டு காலியாக வந்தது என்று அட்டையில் எழுதியிருந்தது. எல்லாம் ஒழுங்கு. பயப்பட ஒன்றுமில்லை.

வயிற்றைத் திறந்து, கணையத்தைத் தேடிப் பிடித்து, குழாயைக் கீறி முதல் கல்லை சர்ஜன் தொட்ட நேரம். மயக்க மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவர் படிப்பு முடித்துப் புதிதாக வந்த இளம் டாக்டர். அவர் தேவகியின் நெற்றியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். நான் அதைக் கவனித்தேன். ஆப்பரேஷனுக்கு முன் போடும் ஊசி உடம்பை உலரவைத்துவிடும், வியர்க்கக்கூடாது. ஆனால் தேவகிக்குக் கழுத்து, மார்பு, உள்ளங்கை எல்லாம் கொட்டிக்கொண்டிருந்தது. நாடி பறந்தது. பிறகு அவள் தாடை ஓரம் துடிக்கத் தொடங்கியது. சுவரில் சாய்ந்துகொள்ளலாமா என்று பார்த்தேன்.

இளம் டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. சீனி ஏறிவிட்டது, ரத்தம் விஷமாகிறது, காலையிலேயே செங்கல் நிறம், இன்னும் இன்சுலின் போட வேண்டும் என்றார். அவர் சொன்னது பைத்தியக்காரத்தனம் இல்லை. காகிதத்தில் இருந்ததெல்லாம் அவர் பக்கம்தான் பேசியது. அவர் கை இன்சுலின் குப்பியிடம் போய்விட்டது.

சர்ஜன் தலை நிமிரவில்லை. அவர் விரல் கணையத்தில் கசியும் இடத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

"பொறும் டாக்டர். காலமை எடுத்த சிறுநீர் எப்ப ஊறினது? நேற்றுப் பின்னேரத்திலிருந்து பையில கிடந்தது. அது நேற்றைய கதை. இப்ப இவளுக்கு என்ன எண்டு அது சொல்லாது." பிறகு என்னிடம், "பிள்ளை, இவள் இரவு சாப்பிட்டவளோ?"

"தட்டு காலியா வந்திருக்கு, டாக்டர். எழுதியிருக்கு."

"எழுதினதை விடு. இவள் விழுங்கினதை ஆரும் கண்ணால கண்டவையோ? ஓடிப் போய்க் கேட்டுக்கொண்டு வா."

தியேட்டர் சிஸ்டர் உஜோங் பாசிர் போர்த்துகீசியக்காரி. தியேட்டருக்குள் யார் ஓடினாலும் காதைத் திருகுகிறவர். அன்றைக்கு அவரே, "லாரி, லாரி!" என்று என்னை விரட்டினார், ஓடு ஓடு என்று.

வார்டு வாசலில் ஆயா நின்றாள். ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த நம் தமிழ்ப் பெண்தான். கேட்டதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"தட்டு காலியாத்தான் வந்துச்சு மிஸ்ஸி. அது யாரு வாய்க்குள்ள போச்சுன்னு நான் எப்படிப் பாக்கறது? அத்தனை கட்டிலும் நான் ஒருத்திதானே பாக்கறேன்?"

அவள் சொன்னதும் நியாயம்தான். பக்கத்துக் கட்டில் சீனத்துப் பாட்டி வயிற்றைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நேற்று இரவு சாப்பாடு ரொம்ப நல்லது, இரண்டு தட்டு கிடைத்தது என்று கையால் காட்டினாள்.

வராந்தா பெஞ்சில் தேவகியின் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் வாழை இலைப் பொட்டலம், வெள்ளைத் துணியில் கட்டியிருந்தது. அவர் வருவதற்குள் மகளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து பொட்டலத்தை நீட்டினார்.

"பெலும் மாக்கான், மிஸ்ஸி. அவ இன்னும் சாப்பிடல. இதை முதல்ல கொடுங்க, அப்புறம் டாக்டர் அறுக்கட்டும்."

"எப்போலேர்ந்து சாப்பிடல?"

"நேத்து மத்தியானத்துலேர்ந்து. நேத்து எங்க வீட்டுல பர்ச்சு. அவ அப்பாவுக்கு முதல் பர்ச்சு."

பர்ச்சு என்றால் போகியன்று அவர்கள் வீட்டில் இறந்துபோனவர்களுக்கு இலை போடுவது. அவரவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைத்துவிட்டு, எல்லாரும் அறையை விட்டு வெளியே வந்துவிடுவார்கள். உள்ளே அவர்கள் சாப்பிடும்வரை பிள்ளைகள் வாயில் ஒன்றும் வைப்பதில்லை. பிறகு அந்த இலையிலிருந்துதான் எல்லாரும் சாப்பிடுவார்கள். வீட்டில் அப்பாவுக்கு முதன்முதலாக இலை விழும் நாளில் தேவகி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாள். அப்பா இலையிலிருந்து அம்மா கொண்டுவருவதைத்தான் முதலில் வாயில் வைப்பது என்று அவள் முடிவு செய்திருக்கிறாள். அம்மாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. செத்தவரோடு வைத்துக்கொண்ட பேச்சை எந்த நர்ஸிடம் சொல்வது? தட்டை மட்டும் பக்கத்துக் கட்டிலுக்குத் தள்ளிவிட்டாள்.

திரும்பி ஓடும்போது நான் அழுதுகொண்டே ஓடினேன். உள்ளே வெறும் வயிறு, அதன் மேல் இரண்டு இன்சுலின். மூன்றாவதையும் போட்டிருப்பார்களோ என்ற நினைப்பில் கதவைத் தள்ளினேன்.

போடவில்லை. நான் போன உடனேயே சர்ஜன் சீனி ஏற்றச் சொல்லியிருக்கிறார். கெட்டியான குளுக்கோஸை இளம் டாக்டர் நரம்பில் செலுத்திக்கொண்டிருந்தார். என் பதிலுக்கு அவர்கள் காத்திருக்கவில்லை.

"சாப்பிடல டாக்டர். நேத்து மத்தியானத்துலேர்ந்து."

"அப்ப இன்னும் ஏத்துங்கோ" என்றார் சர்ஜன். பிறகு இளம் டாக்டருக்கு மெதுவாகச் சொன்னார். "சீனி கூடினால் எங்களுக்கு நேரம் இருக்கு. இறங்கினால் நேரம் இல்லை. எது எண்டு தெரியாட்டில், நேரம் இருக்கிற பக்கமாப் பிழை விடுவம்."

இதை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். எத்தனை கருவி வந்தாலும் ஒருநாள் கருவி ஒன்று சொல்லும், நோயாளியின் தோல் வேறொன்று சொல்லும். அப்போது எந்தப் பிழையிலிருந்து திரும்பி வர வழி உண்டு என்று பாருங்கள்.

அதன் பிறகு சர்ஜன் அசையவில்லை. திறந்த வயிற்றுக்குள் விரலை அழுத்தியபடி தேவகியின் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றார். மூடிவிடுவதா, தொடர்வதா? மூடினால் மறுபடி ஒரு மயக்கம் தாங்கும் உடம்பில்லை அது. தொடர்ந்தால் இந்த மேசையிலேயே போகலாம். துடிப்பு நின்றது. வியர்வை அடங்கியது. அவர் இன்னும் கொஞ்சம் காத்திருந்து, "சரி" என்றார். பிறகு கற்கள் ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் விழுந்தன.

ஆப்பரேஷன் முடிந்தது. தேவகி எழுந்திருக்கவில்லை.

மயக்க மருந்து தெளியவேண்டிய நேரம் கடந்தது. கண்ணிமையைத் தூக்கினால் வெறும் பார்வை. பிள்ளைகளே, சீனி இல்லாமல் மூளை எவ்வளவு நேரம் கிடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. வியர்வை தெரிந்தபோதுதான் தொடங்கியதா, வார்டிலிருந்து தள்ளிக்கொண்டு வரும்போதே தொடங்கிவிட்டதா? உயிரைக் காப்பாற்றிவிட்டு ஆளைத் தொலைத்துவிட்டோமோ என்ற அந்தப் பயத்தை நான் வேறு எதிலும் பட்டதில்லை. அம்மா கட்டிலருகே நின்று, மலாய்க்காரர் உடுத்தும் கெபாயாச் சட்டையில் சேலைத் தலைப்பு ஏது, கைக்குட்டையால் மகளுக்கு விசிறிக்கொண்டிருந்தார். சர்ஜன் தியேட்டர் வாசல் படியில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். இரண்டு வாய் குடித்துவிட்டு வந்து அவள் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், மறுபடி படிக்கே போனார்.

வெயில் தாழ்ந்தபோது தேவகி கண்ணைத் திறந்தாள். அம்மாவைப் பார்த்து "அம்மா" என்றாள். நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். இளம் டாக்டர் ஓடி வந்தார். பெயர் கேட்டார், சொன்னாள். எங்கே வேலை, சொன்னாள். தீயணைப்பு நிலைய நம்பர், கலெக்டர் ஆபீஸ் நம்பர் எல்லாம் தடுக்காமல் வந்தன. அவருக்கு ஒரே சந்தோஷம். வீட்டில் யார் யார் என்று கேட்டார்.

"அம்மா, அண்ணன். அப்பா இங்கதான், ஆம்பளைங்க வார்டுல. காலுல புண்ணு."

இளம் டாக்டர் தலையாட்டினார். எல்லாம் சரி, மூளை நன்றாக இருக்கிறது என்று எழுதச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் ஊருக்குப் புதியவர், அவருக்கு எப்படித் தெரியும்? கட்டிலுக்கு அந்தப் பக்கம் அம்மாவும் இந்தப் பக்கம் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போனார்.

"சொல்லாதீங்க மிஸ்ஸி. ரெண்டு நாளைக்காவது அவளுக்கு அப்பா இருக்கட்டும்."

அந்தக் கையை விலக்குவது எனக்கு எளிதாக இல்லை. ஆனாலும் போய்ச் சர்ஜனிடம் சொன்னேன். தெரிந்ததைச் சொல்லாமல் வைத்துக்கொள்ள நர்ஸுக்கு உரிமை இல்லை. அவர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். ஆரம்பத்தில் என்னென்னவோ பேசினார். பிறகு சாதாரணமாகக் கேட்டார், மெர்டேக்கா அன்றைக்கு எங்கே போனாய் பிள்ளை என்று.

தேவகி அவரை வியப்பாகப் பார்த்தாள்.

"பெலும், டாக்டர். இன்னும் வரலையே. ஆகஸ்ட்லதானே?"

ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரிக் கம்பத்தில் புதுக் கொடி மாதக்கணக்காகப் பறந்துகொண்டிருந்தது. யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை. வெளியே வந்ததும் சர்ஜன் சுவரில் கை வைத்துக்கொண்டு, "அரை வருசம் போயிட்டுது. மிச்சம் இருக்கு" என்றார். அப்பாவைப் பற்றி அவளிடம் எப்போது சொல்வது என்பதை அம்மாவிடமே விட்டார். அன்றிலிருந்து தையல் பிரிக்கும்வரை என்னை வார்டிலேயே விடச் சொன்னார்.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், நீங்கள் பதறவேண்டாம். தேவகி பிழைத்தாள். வலி போனது. கணையம் முன்போலவே சோம்பேறி, ஆகையால் இன்சுலின் தொடர்ந்தது. எக்ஸ்சேஞ்சுக்குத் திரும்பிப் போனாள், கல்யாணம் செய்துகொண்டாள். அந்த அரை வருஷம் மட்டும் திரும்பவில்லை. ஆப்பரேஷன் வெற்றி என்று உங்கள் அறிக்கைகளில் எழுதும்போது, எதை எதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று ஒரு தடவை யோசியுங்கள். நோயாளி சரியாகப் பதில் சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள். அந்தப் பதில் உண்மைதானா என்று வீட்டாரிடம் கேளுங்கள்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, கஞ்சி கொடுக்கலாம் என்று உத்தரவு வந்தது. ஊசி போட்டு அரை மணி கழித்துச் சாப்பாடு என்பது வார்டின் சட்டம். தேவகிக்கு விழுங்கின பிறகுதான் ஊசி என்று சர்ஜன் மாற்றி எழுதியிருந்தார். மேட்ரன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். நான் ஊசியை நிரப்பிக்கொண்டு நின்றேன். கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்ததும் தேவகி அம்மாவிடம், "முதல்ல அப்பாவுக்குக் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடும்மா. ஆம்பளைங்க வார்டு சாப்பாடு அவருக்கு ஆகாது" என்றாள்.

அம்மாவால் அதற்கு மேல் முடியவில்லை. சொல்லிவிட்டார். தையல் போட்ட வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தேவகி அழுத அழுகையைப் பற்றி எழுதமாட்டேன். அவளுக்கு அவர் அன்றைக்குத்தான் செத்தார். அம்மா அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஆளை ரெண்டு தடவை பறிகொடுத்தாச்சு மிஸ்ஸி" என்று என்னிடம் சொன்னார்.

அழுது ஓய்ந்ததும் தேவகி கிண்ணத்தைத் தள்ளினாள். அப்பாவுக்குப் பர்ச்சு வைத்தாயிற்றா என்று கேட்டாள். வைத்தாயிற்று என்றார் அம்மா.

"நான் பார்க்கலையே. எனக்கு அது நடக்கவே இல்ல. அவரு சாப்பிடாம நான் சாப்பிடமாட்டேன்."

முந்தின நாள் இன்சுலின் இன்னும் அவள் உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கும். மிரட்டலாமா, கெஞ்சலாமா என்று நான் திகைத்து நிற்க, ஆயா வெளியே போனாள். சமையற்கட்டுக்குப் பின்னாலிருந்த வாழையில் ஓர் இலை நறுக்கிக் கழுவிக்கொண்டு வந்தாள். அம்மா அதைக் கட்டிலருகேயிருந்த சின்ன அலமாரி மேல் விரித்தார். கஞ்சியில் பாதியை ஒரு கோப்பையில் ஊற்றி இலையில் வைத்தார். நான் துணித்தட்டியை இழுத்துக் கட்டிலைச் சுற்றி மறைத்தேன். அம்மாவும் நானும் வெளியே வந்துவிட்டோம். தேவகியால் எழுந்து வர முடியாது. அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துச் சர்ஜன் வந்தார். தட்டியையும் என் கையிலிருந்த ஊசியையும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"என்ன நடக்குது? சாப்பிட்டவளோ?"

"இன்னும் இல்ல, டாக்டர். அவங்க அப்பா சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தட்டியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். ஒரு காலத்தில் தானே புண்ணுக்கு மருந்து கட்டிப் பார்த்த ஆளைப் பற்றிப் பேசுவதுபோல், "சரி. ஊசியை மூடி வை பிள்ளை. மனுசன் ஆறுதலாச் சாப்பிடட்டும்" என்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்களோடு அவரும் தட்டிக்கு வெளியே காத்து நின்றார்.